இலைச்சாறு என்றால் அளவு வேண்டாமா?

போன வருஷம் அக்டோபர் மாதக் கூட்டத்தை எங்கள் கூனிமேட்டுத் தோப்பில்தான் நடத்தினோம். வந்திருந்த ஒரு அண்ணன் செய்தித்தாளை விரித்து, இருமல் மருந்து குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் செத்துப்போன செய்தியைச் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "பாத்தீங்களா, இதுக்குத்தான் இங்கிலீஷ் மருந்தே வேணாம்னு சொல்றோம். நம்ம தழையில என்னைக்காவது யாராவது செத்திருக்காங்களா?" என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அடுத்த மாதம் அதே கையால் என் பசுவுக்கு மடிநோய் மருந்து அரைத்தேன். அதற்கு ஒரு காம்பு போய்விட்டது.

அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இயற்கை வேளாண்மைக்கு மாறி ஒன்பது வருஷமாகிறது. இரண்டு ஏக்கர் மணிலா, கொஞ்சம் நெல், ஒரு கலப்புப் பசு, நாலு ஆடு. ஊரில் யார் வீட்டு மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் "அக்காவக் கேளு, தழை வைத்தியம் சொல்லும்" என்பார்கள். அப்படிப்பட்ட பேர் எனக்கு. அதனால்தான் எழுதுகிறேன். பேர் வாங்காதவர் தப்பு செய்தால் அது அவர் கொட்டகையோடு போகும். நான் செய்தால் பத்து வீடு அதைப் பார்த்துச் செய்யும்.

கார்த்திகை மழையில் கொட்டகை சகதியாகக் கிடந்தது. லட்சுமியின் பின்பக்க இடது காம்பில் பால் திரிதிரியாக வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரித்தது. மடிநோய்ப் பாலில் உப்பு ஏறும், அது எனக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு. தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மூலிகை ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த மருந்து அது. பிறகு தேசிய பால்வள வாரியமே அதை எடுத்துப் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனது. நம் கூட்டங்களில் எத்தனையோ தடவை செய்து காட்டியிருக்கிறோம்.

நான் செய்தது இதுதான். வேலியோரம் இருந்த கற்றாழையில் ஒரு மடலை வெட்டினேன். கடையில் வாங்கிய மஞ்சள்தூள் பாக்கெட்டில் மிச்சம் இருந்ததைக் கொட்டினேன். மாமியார் வெற்றிலைக்கு வைத்திருந்த டப்பாவில் அடியில் காய்ந்து கிடந்த சுண்ணாம்பைச் சுரண்டிப் போட்டேன். மூன்று நாளைக்குச் சேர்த்து ஒரே தடவையாக அரைத்து வைத்துக்கொண்டேன். காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பூசினேன். உதைக்கிறது என்று பாலை முழுக்கக் கறந்து விடவும் இல்லை. ஐந்து நாள் ஆகியும் வீக்கம் வடியவில்லை. ஆறாம் நாள் மாட்டுக்குக் காய்ச்சல் வந்த பிறகுதான் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

அவர் வந்து பார்த்துவிட்டு, என்ன பூசினீங்க, எவ்வளவு பூசினீங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அந்த மருந்து தப்பில்லம்மா. நீங்க பூசினது அந்த மருந்தே இல்ல" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை.

அந்த மருந்தின் கணக்கு இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மடலின் முள்ளோரத்தை மட்டும் நீக்கிவிட்டுத் தோலோடு அரைக்க வேண்டும். பாலை ஒட்டக் கறந்து, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்துப் பூச வேண்டும். நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். அன்றன்றைக்குப் புதிதாக அரைக்க வேண்டும். இரண்டு தடவை இல்லை, பத்து. நான் அந்தப் பத்தை இரண்டாக்கினேன், 50 கிராமை "கொஞ்சம்" ஆக்கினேன். ஒரு கம்பெனி தன் மாத்திரையில் 500 மில்லிகிராம் என்று போட்டுவிட்டு 100 வைத்தால் அதைப் போலி மருந்து, தரமில்லாத மருந்து என்கிறோம். கொட்டகையில் நான் செய்ததற்கு மட்டும் என்ன பேர்?

இப்போது மறுபடி அந்த இருமல் மருந்துக்கு வருகிறேன். அன்றைக்குக் கை தட்டும்போது அந்தச் செய்தியை நாங்கள் பாதிதான் வாசித்திருந்தோம்.

அந்த 'கோல்ட்ரிஃப்' சிரப்பைச் செய்தது நமக்கு ஒரு மாவட்டம் தள்ளி, காஞ்சிபுரம் மாவட்டத்தில் சுங்குவார்சத்திரம் பக்கம் இருந்த ஸ்ரீசன் பார்மா என்ற கம்பெனி. சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கிற அளவு 0.1 சதவீதம். மருந்தைக் கரைக்கப் பயன்படுத்தும் நல்ல திரவம் ஒன்று இருக்கிறது. அதைப் போலவே நிறமில்லாமல், இனிப்பாக, விலை குறைவாக இருக்கும் ஆலைச் சரக்கு இந்த நஞ்சு. கண்ணால் பார்த்தாலும் நாக்கில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. வாங்கிய சரக்கைச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இது ஒன்றும் புதுசு இல்லை. 1937-ல் அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த மருந்தால் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே 1938-ல் கடுமையான சட்டம் வந்தது. 1972-ல் நம் சென்னையிலேயே குழந்தைகள் பலியானார்கள். 2022-ல் காம்பியா நாட்டில் எழுபது குழந்தைகள் அளவுக்கு இறந்தபோது, உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்த சிரப்புகள் இந்தியாவில், ஹரியானாவில் செய்தவை. நம் கடற்கரைக்கும் இந்தக் கணக்கு தெரியும். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் என்று குடித்தது மெத்தனால். பத்துப் பேருக்கு மேல் போனார்கள். அதுவும் ஆலைச் சரக்குதான், அதுவும் கண்ணுக்குத் தெரியாததுதான். அந்த வாரம் இந்தப் பக்கம் எந்தத் தெருவிலும் அடுப்பு சரியாக எரியவில்லை.

ஆக, அங்கே தோற்றது மருந்தின் தரம், அதைக் கண்காணிக்க வேண்டியவர்களின் கடமை. கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு சோதனைக்கூடம். அந்தச் சோதனைக்கூடம் இன்னும் முன்னாலேயே விழித்திருந்தால் குழந்தைகள் பிழைத்திருப்பார்கள். அதற்காக அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டும், கேட்கிறோம். ஆனால் "தழை வைத்தியத்தில் யாராவது செத்திருக்காங்களா" என்று நாம் கேட்டால், "யார் எண்ணிப் பார்த்தீங்க?" என்று திருப்பிக் கேட்க முடியும். கம்பெனி மருந்து கெட்டால் ஒரு எண் இருக்கிறது, ஒரு தொகுதி இருக்கிறது, ஒரு பட்டியல் இருக்கிறது. 'தரமற்றவை' என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் பட்டியல் வெளியிடுகிறது. என் விழுது கெட்டதற்கு எந்தப் பட்டியலும் கிடையாது. லட்சுமியின் காம்பு மட்டும்தான் சாட்சி.

என் வீட்டுக்காரர் உப்பளத்துக்குப் போகிறவர். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "நாங்க உப்புக்கே டிகிரி பாக்குறோம். நீ மருந்துக்குப் பாக்கலியா?" என்றார். கோபம் வந்தது. யோசித்தால் சரிதான். உப்பளத்தில் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு டிகிரி பார்க்காமல் தண்ணீரைப் பாத்தி மாற்ற மாட்டார்கள். 25 டிகிரி வாக்கில்தான் உப்பு விளையத் தொடங்கும். அதற்கு முன்னால் விட்டால் சுண்ணச்சத்து சேர்ந்து வரும். 30-ஐ நெருங்கினால் கசப்புத் தண்ணீர், வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உப்பு கசக்கும், மூட்டையிலேயே கசியும். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் காலங்காலமாகச் செய்வது இது. உப்பும் இயற்கைதான். கடலும் வெயிலும் கொடுப்பதுதான். இயற்கை என்பதால் அளக்காமல் விடுவதில்லை.

அந்த மருந்தில் ஏன் அந்த மூன்று பொருள், ஏன் அந்த அளவு என்று அதற்கப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற சத்து தண்ணீரில் எளிதில் கரையாது. சுண்ணாம்பின் காரம் பட்டால் கரைந்து சிவக்கும். இதை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவக்க வைப்பது அதேதான். ஆனால் அந்தக் காரத்திலேயே குர்குமின் வெகுநேரம் தாங்காது, சிதைந்துபோகும். மூன்று நாளைக்குச் சேர்த்து நான் அரைத்து வைத்தது எவ்வளவு முட்டாள்தனம் என்று அப்போதுதான் புரிந்தது. சுண்ணாம்பும் அப்படித்தான். திறந்து கிடந்தால் காற்றைக் குடித்துச் சுண்ணாம்புக் கல்லாகவே திரும்பிவிடும், காரம் போய்விடும். மாமியார் டப்பாவில் இருந்தது பெயருக்குத்தான் சுண்ணாம்பு. கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லாத கடற்கரையில் இருந்துகொண்டு செத்த சுண்ணாம்பைப் போட்டிருக்கிறேன்.

மஞ்சளையும் சோதித்தேன். இரண்டு டம்ளரில் புதிதாகத் தாளித்த சுண்ணாம்பின் தெளிநீர். ஒன்றில் பாக்கெட் தூள் ஒரு சிட்டிகை, இன்னொன்றில் கிழங்கு வாங்கிக் காயவைத்து நானே அரைத்த தூள் ஒரு சிட்டிகை. என்னுடையது ரத்தச் சிவப்பாக மாறியது. பாக்கெட் தூள் மங்கலாக ஒரு செங்கல் நிறம். அதில் மாவு கலந்திருந்ததா, பழைய சரக்கா, நான் சொல்ல மாட்டேன். இந்த டம்ளர் சோதனையை நம்பி முழுத் தீர்ப்பும் எழுத முடியாது. நல்ல மஞ்சளோடு கொஞ்சம் ரசாயனச் சாயத்தைக் கலந்தாலும் அது சிவக்கத்தான் செய்யும். வங்கதேசத்தில் கிழங்குக்குப் பளபளப்பு ஏற்றுவதற்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைப் பூசினார்கள். கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தில் ஈயம் இருப்பதைப் பார்த்து ஆராய்ச்சியாளர்கள் மஞ்சள் வரைக்கும் துரத்திக்கொண்டு போனார்கள். 2019-ல் சந்தை மாதிரிகளில் கிட்டத்தட்டப் பாதியில் ஈயம். கையில் பிடிக்கிற ஒரு கருவியை வைத்துச் சந்தையிலேயே சோதித்து, அபராதம் போட்டு, ஊரெல்லாம் சொன்ன பிறகு, 2021-ல் எடுத்த மாதிரிகளில் அது இல்லை. இரண்டே வருஷம். சோதித்தால் மாறும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

"மூலிகையை அளந்து பாட்டில்ல அடைக்கிறது கம்பெனிக்காரன் புத்தி" என்று நம்மில் சிலர் சொல்வார்கள். அவர்களுக்குச் சீனத்து அம்மா ஒருவரின் கதையைச் சொல்ல ஆசை. து யூயூ என்று பேர். மலேரியாவுக்கு மூலிகை தேடினார். ஒரு செடி ஒரு நாள் கேட்டது, மறுநாள் கேட்கவில்லை. மற்றவர்கள் என்றால் 'பாட்டி கதை' என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அவர் ஆயிரத்து அறுநூறு வருஷத்துப் பழைய வைத்திய ஏட்டைத் திரும்ப வாசித்தார். அதில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூட்டில்தான் மருந்து போகிறது என்று பிடித்தார். குறைந்த சூட்டில், இலையிலிருந்து மட்டும் சாரத்தை எடுத்தார். 1971-ல் எலியிலும் குரங்கிலும் முழுசாக வேலை செய்தது. 2015-ல் நோபல் பரிசு. மரபறிவையும் அளவையும் சேர்த்துப் பிடித்த ஒரு பெண் அவர். இரண்டில் ஒன்றை விட்டிருந்தாலும் அந்த மருந்து வந்திருக்காது.

வேப்பங்கொட்டைக் கரைசலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எல்லோரும் அடிக்கிறோம். 100 லிட்டருக்கு ஐந்து கிலோ பருப்பு என்பது கணக்கு. வேளாண் பல்கலைக்கழகம் இன்னொன்றும் சொல்கிறது: பறித்து மூன்று மாதத்துக்குள்ளும், எட்டு மாதம் தாண்டியும் உள்ள கொட்டையில் அசாடிராக்டின் குறைவு. சாயங்காலம் அடிக்கச் சொல்வதும், வெயில் அதைச் சிதைத்துவிடும் என்பதால்தான். இதெல்லாம் தெரிந்தும், பரணில் எந்த வருஷத்துக் கொட்டை என்று தெரியாத சாக்கைப் பிரித்து, பத்து மணி வெயிலில் அடித்துவிட்டு, "வேம்பு கேக்கல" என்று ரசாயனக் கடைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு விவசாயியை நாம் இழப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கடைக்காரர் அவரை இழுப்பதற்கு முன்னாலேயே நாம் தள்ளிவிடுகிறோம்.

அதே கடையில் இப்போது 'மூலிகைப் பூச்சிவிரட்டி' என்று பாட்டில்கள் வந்துவிட்டன. இலை படம் போட்டிருக்கும். உள்ளே என்ன, எவ்வளவு, என்றைக்குச் செய்தது, எதுவும் இருக்காது. ஒரே அடியில் புழு எல்லாம் செத்து விழுந்தால் நாம் சந்தோஷப்படுகிறோம். எனக்குச் சந்தேகம்தான் வரும். இலைச்சாறு அப்படி ஒரே நாளில் கொட்டுவதில்லை. பதிவில்லாத, சேர்மானம் எழுதாத பாட்டிலை நம் குழுக்களில் யாரும் விற்கக் கூடாது, நம் ஆட்களே செய்த பாட்டிலாக இருந்தாலும்.

எழுதி வைத்தால் வெளிநாட்டுக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று ஒரு பயம் இருக்கிறது. வேம்பையும் மஞ்சளையும் காப்புரிமை எடுத்த கதையை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்த வழக்குகள் எப்படி ஜெயித்தன? புண்ணை ஆற்ற மஞ்சள் என்று 1995-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் வாங்கிய காப்புரிமையை 1997-ல் ரத்து செய்ய வைத்தது நம் நாட்டு அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் தேடிக் கொடுத்த 32 எழுத்து ஆதாரங்கள். வேம்புக் காப்புரிமை ஐரோப்பாவில் 2000-ல் ரத்தாகி 2005-ல் உறுதியானதிலும், இங்கே முன்பே செய்து பார்த்தார்கள் என்று காட்ட முடிந்ததுதான் கைகொடுத்தது. 'எங்க பாட்டி செஞ்சாங்க' என்பது உண்மைதான். நீதிமன்றத்தில் பாட்டியின் வாய்ச்சொல் நிற்காது, பாட்டியின் நோட்டு நிற்கும்.

ஊசி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாக்டரம்மா லட்சுமிக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டார். நான் ஒத்துக்கொண்டேன். காய்ச்சல் வந்த மாட்டைக் கொள்கைக்காகச் சாகவிட மாட்டேன். இரண்டாம் நாளே தீனி எடுத்தது. "போதும்மா, இனி வேணாம்" என்று வாய் வரைக்கும் வந்தது. முழுதாகப் போட வைத்தேன். பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி பழகிக்கொள்ளும். அளவு குறைந்த போலி மருந்தும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஏழை, நடுத்தர நாடுகளில் பத்து மருந்துக்கு ஒன்று தரமற்றது அல்லது போலி என்று உலகச் சுகாதார நிறுவனம் 2017-ல் சொன்னது. கடைசி ஆயுதமாக மனிதர்களுக்கு வைத்திருந்த கொலிஸ்டினைக் கோழித்தீவனத்தில் கொட்டிக்கொண்டிருந்தோம். 2019-ல்தான் தடை வந்தது. மடிநோய்க்கு அந்த விழுது முறையாக வேலை செய்தால் எத்தனை ஊசி மிச்சம் என்று யோசியுங்கள். அதனால்தான் அதைக் கெடுத்ததற்கு என்மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

ஊசி போட்ட நாட்களிலும், அட்டையில் எழுதியிருந்த விலக்கு நாட்களிலும் பாலைக் கீழே ஊற்றினேன். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. "அந்த மூணு காம்பு நல்லாத்தானக்கா இருக்கு, அதுல குடுங்க" என்றாள் அந்தப் பெண். ஊசி மருந்து ஒரு காம்புக்கு மட்டும் போவதில்லை என்று சொல்லிக் கொடுக்காமல் விட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நம் இயக்கத்திடம் நான் கேட்பது பெரிசாக எதுவும் இல்லை. ஒவ்வொரு குழுவிலும் ஒரு நோட்டு. எந்த மாட்டுக்கு, எந்தப் பயிருக்கு, எது, எத்தனை கிராம், எத்தனை தடவை, கேட்டதா கேட்கவில்லையா. கேட்காததைக் கண்டிப்பாக எழுத வேண்டும். அதை எழுதத்தான் நமக்குக் கை வருவதில்லை. ஒரு சமையல் தராசு. மாவட்டத்துக்கு ஒரு இடத்தில் மஞ்சளையும் வேப்பங்கொட்டையையும் கட்டுப்படியாகும் விலையில் சோதித்துத் தரச் சொல்லி அரசாங்கத்திடம் மனு. மண் பரிசோதனைக்கு நிலையம் இருக்கும்போது இதற்கு ஏன் இருக்கக் கூடாது? கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு நம் நோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களுக்கும் உதவும்.

தை மாதம் லட்சுமிக்கு வலது முன்காம்பில் மறுபடி லேசாகத் திரி தட்டியது. இந்த முறை தராசை எடுத்தேன். 250, 50, 15. வீட்டில் எல்லோருமாக முறை வைத்து நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாளும் அன்றன்றைக்கு அரைத்துப் பூசினோம். என் மகள் பள்ளிக்கூடம் போகும் முன் ஒன்று, வந்ததும் ஒன்று. நாலாம் நாள் பால் தெளிந்தது. ஒரு மாடு, ஒரு தடவை. இதை வைத்து நான் ஒன்றும் நிரூபித்துவிடவில்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், போன தடவை நடந்ததும் அதே நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது.

ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். பொறுக்கிக் காயவைத்துச் சாக்கில் கட்டும்போது, சாக்கின்மேல் தேதியைக் கரியால் எழுதிவிடுங்கள்.